ஹனோயில் அமாவாசைச் சோறு

கடத்தூரில் இப்போது யாரைப் பார்த்தாலும் மேனகாவிடம் ஒரே கேள்விதான்.

"வியட்நாம் போயிட்டு வந்தீங்களாமே, அங்க என்னாங்க சாப்ட்டீங்க?"

"சாம்பாருங்க" என்பாள் மேனகா.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். சந்தையில் கீரை விற்கும் பெண் ஒருநாள் விடவேயில்லை. "பாம்பெல்லாம் வறுத்துத் தருவாங்களாமே. சும்மா சொல்லுங்க, நான் யாருட்டயும் சொல்லமாட்டன்."

"நெஜமாத்தாங்க. ஒருநாள் கத்திரிக்கா சாம்பார். ஒருநாள் முள்ளங்கி சாம்பார்."

எதையோ மறைக்கிறாள் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு போய்விடுவார்கள். மறைக்க அவளிடம் ஒன்றுமில்லை. அந்தச் சாம்பாரை வைத்தவளே அவள்தான்.

மேனகாவுக்கு நாற்பத்தொரு வயது. பொம்மிடிப் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயதில் கடத்தூர் சென்றாயனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கீழே உரக்கடை, மேலே வீடு. மாமியார் சின்னக்கா, கணவன், கடையில் மூட்டை தூக்கும் இரண்டு பேர், மத்தியான நேரம் பார்த்து வந்து சேரும் கம்பெனி ஆட்கள் என்று தினமும் ஏழெட்டு இலை விழும் வீடு. கம்பெனி ஆட்கள் சரக்கு பேச வருகிறார்களா, மேனகாவின் களிக்கும் கொள்ளுக் கடைசலுக்கும் வருகிறார்களா என்று சென்றாயனுக்கே சந்தேகம் உண்டு. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. "எங்க வூட்டுல சாப்ட்டவன் வேற கடைக்குப் போவமாட்டான்" என்பார்.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்து, பாத்திரம் கழுவி, அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு அவள் தட்டை எடுக்கும்போது மணி இரண்டரை ஆகிவிடும். களி உருண்டை அதற்குள் இறுகிக் கல்லாகியிருக்கும். அதைக் குழம்பில் ஊறவைத்துப் பிய்த்துப் பிய்த்துத் தின்பாள். ஒரு கை தட்டில், இன்னொரு கையில் போன்.

போனில் அவள் பார்ப்பது சீரியல் இல்லை. ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிறவர்களின் வீடியோ. மெக்சிகோவில் சோள ரொட்டி, துருக்கியில் தயிரும் கத்தரிக்காயும், ஜப்பானில் கடல்பாசி. எல்லாம் பார்த்து முடித்துக் கடைசியில் ஒன்றில் வந்து நின்றாள். வியட்நாமில் ஏதோ ஒரு தெருவோரம். நம்மூரில் குளிக்க உட்காரும் முக்காலி உயரத்துக்குச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள். பெரிய அண்டாவில் கொதிக்கும் சாறு. இடியாப்பத்தை நாடாவாக இழுத்ததுபோல் அரிசி நூடுல்ஸ். அதை ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிக்கிற சாற்றை ஊற்றி, மேலே ஒரு பிடி இலைதழையைக் கிள்ளிப் போட்டு, உட்கார்ந்திருப்பவர் முன்னால் கொண்டுவந்து வைக்கிறாள் ஒருத்தி. உட்கார்ந்திருப்பவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். ஆவி முகத்தில் அடிக்க அடிக்கச் சாப்பிட வேண்டியதுதான்.

அந்த வீடியோவை மேனகா எத்தனை தடவை பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் கருகச் சுட்டுப் போடுகிறார்கள், அன்னாசிப்பூவும் பட்டையும் போடுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். செய்து பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. செய்வதற்குத்தான் வாழ்நாள் முழுவதும் இருக்கிறதே. அந்த ஸ்டூலில் உட்கார வேண்டும், யாரோ கொண்டுவந்து வைக்க வேண்டும், சூடாகத் தின்ன வேண்டும். கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் மகள் மணிமேகலையிடம் மட்டும் ஒருதரம் சொன்னாள். "அவ்ளோதானேம்மா" என்றாள் மகள். அவ்வளவுதான்.

போன ஆடியில் கம்பெனிக் கடிதம் வந்தது. குறித்த அளவுக்கு மேல் பூச்சிமருந்து விற்ற டீலர்களுக்கு ஜோடியாக வெளிநாட்டுப் பயணம். ஊர், ஹனோய். நாடு, வியட்நாம்.

சென்றாயன் படித்துச் சொன்னபோது மேனகா கையில் கரண்டியோடு நின்றாள். சிரிப்பு வந்துவிட்டது. "என்னாத்துக்கு சிரிக்கற?" என்றார் அவர். "ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

தேதியைப் பார்த்தபோதுதான் இடித்தது. புரட்டாசி ஒண்ணாம் தேதி கிளம்பி, அஞ்சாம் தேதி திரும்புவது. தேதி போட்ட பம்பாய்க் கம்பெனிக்காரர்களுக்குப் புரட்டாசியைப் பற்றி என்ன தெரியும்? இந்தப் பக்கத்து டீலர்கள் முக்கால்வாசிப் பேர் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டார்கள். சென்றாயன் என்ற பெயரே பெருமாள் பெயர்.

"கப்பல்ல ஏறுனா வெரதம் போயிருமா? ஏரோப்ளேன்ல ஏறுனாலும் போவாது" என்றார் சென்றாயன். டீலர்கள் கூடிப் பேசினார்கள். டூர் ஏற்பாடு செய்யும் அறிவழகன் என்பவர், "சார், அது எங்களுக்குப் புதுசில்ல. மாஸ்டர கூடவே கூட்டிட்டு வர்றோம். அரிசி, பருப்பு, பொடி எல்லாம் இங்கிருந்தே வந்துரும். நீங்க ஹனோய்ல உக்காந்து நம்மூரு ரசம் குடிக்கலாம்" என்றார். எல்லோருக்கும் நிம்மதி.

மேனகா மகளுக்குப் போன் போட்டாள். மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, அங்க கறி போடாம காளான் போட்டும் செய்வாங்களாம். நீ கவலப்படாத. ஒரு கிண்ணம் சாப்ட்டுட்டு எனக்கு போட்டோ அனுப்பு. மறந்துராத."

ஹனோயில் இறங்கியதும் அவள் மூக்குதான் முதலில் விழித்துக்கொண்டது. பஸ்ஸின் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு வாசம் உள்ளே வந்தது. பட்டை, சுட்ட இஞ்சி, அதற்கடியில் கருவாட்டுப் பானையைத் திறந்ததுபோல் ஒன்று. மற்றவர்கள் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்தார்கள். மேனகா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். வீடியோவில் பார்த்த அதே ஸ்டூல்கள், சிவப்பும் நீலமும். ஆபீஸ் உடுப்பில் ஆண்களும் பெண்களும் முழங்கால் மோவாயில் இடிக்கக் குந்தி உட்கார்ந்து கிண்ணத்துக்குள் குனிந்திருந்தார்கள். எழுந்து போய்ப் பரிமாற வேண்டிய அவசரம் ஒருத்தி முகத்திலும் இல்லை.

மத்தியானம் ஹோட்டலின் பின்கூடத்தில் கோவிந்தன் மாஸ்டரின் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். முப்பத்தெட்டுப் பேரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு கிழவி கொய்யாவைக் கீறி மிளகாய் உப்புத் தடவி விற்றாள். மேனகா ஒன்று வாங்கிக் கடித்தாள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் விற்பதேதான். சிரித்துக்கொண்டாள். நாளைக்கு இருக்கிறது, நாளன்றைக்கு இருக்கிறது.

திரும்பி வந்தபோது பின்கூடத்தில் கும்பல். சமையலறையின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து கோவிந்தன் மாஸ்டருக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலி. மற்றவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு.

"இங்கயே இந்தியன் ஹோட்டல் ரெண்டு இருக்கு சார்" என்று ஆரம்பித்தார் அறிவழகன்.

"அங்க ஒரே சட்டில கறியும் வறுப்பான், பன்னீரும் வறுப்பான். புரட்டாசில அதத் திங்கச் சொல்றீங்களா?" என்றார் கம்பைநல்லூர் டீலர் நஞ்சப்பன். கூட்டத்தில் பெரியவர், குரலும் பெரிது. சுற்றிப் பார்த்தவரின் கண் சென்றாயனிடம் நின்றது. "ஏன் மாப்ள, உன் வூட்டுலதான் கை மணக்கச் செய்வாங்களே. கொள்ளுக் கடைசலுக்குக் கம்பெனிக்காரனே கியூல நிக்கறான். அப்பறம் என்னா யோசன?"

முப்பது நாற்பது முகங்கள் சென்றாயனைப் பார்த்தன. அத்தனை பேர் அவரை எதற்காகவும் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை.

"அதுக்கென்ன, செஞ்சிருவா" என்றார்.

மேனகா தோளில் கைப்பையோடு, கையில் பாதி கொய்யாவோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. நஞ்சப்பனின் மனைவி ஜானகியம்மாள் மட்டும் பக்கத்தில் வந்து, "நானும் காய் அரிஞ்சு தரன் கண்ணு" என்றாள். கொய்யாவைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துவிட்டு மேனகா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

அதன் பிறகு ஹனோய் என்பது அவளுக்கு ஒரு சமையலறை. வெள்ளை ஓடு பதித்த சுவர், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு சந்து. காலையில் உப்புமா, இட்லிக்கு மாவு இல்லாததால் மறுநாளும் உப்புமா. மத்தியானம் சாம்பார், ரசம், பொரியல். ராத்திரி கிச்சடி. மாஸ்டர் இடது கையால் அளவு காட்டுவார். "பத்துப் படி போடும்மா, பத்துப் படி" என்பார். அவள் ஏழு படி போட்டால் சரியாக இருக்கும். கடலில் மலை மலையாக நிற்கும் இடத்துக்குப் படகில் போகிற நாளில், விடியுமுன் எழுந்து முப்பத்தெட்டுப் பொட்டலம் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

"நீயும் வாயேன்" என்றார் சென்றாயன்.

"ராத்திரிக்கு?"

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான். அங்க என்னா, வெறுந்தண்ணிதான். போட்டோ எடுத்தாறன்."

சமையலறையில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். பெயர் லான். மேனகாவின் வயதுதான் இருக்கும். முதல் நாள் இருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் விலகி விலகி நடந்தார்கள். இரண்டாம் நாள் லான் ஒரு கட்டுக் கீரையை அவிழ்த்தாள். குழல் குழலாகத் தண்டு, நீள இலை. மேனகா எட்டிப் பார்த்து, "அட, வள்ளக்கீர!" என்றாள். ஏரி ஓரத்தில் மண்டிக் கிடக்கும் கீரை. லான் போனை எடுத்து அதில் ஏதோ பேசி நீட்டினாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பதுபோல் தமிழில் கேட்டது. "தாங்கள் ஏன் மற்றவர்களுடன் சுற்றுலா செல்லவில்லை?"

மேனகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சோறு ஆக்கணும்" என்று போனிடம் சொன்னாள். போன் என்ன சொன்னதோ, லான் தலையை ஆட்டினாள். சிரிக்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு லான் தனக்கென்று ஒரு கிண்ணம் செய்துகொள்வாள். இஞ்சியை நேரே அடுப்பு நெருப்பில் காட்டிச் சுடும்போது மேனகா கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பார்ப்பாள். தோல் கருகி, வெடித்து, சாறு கொப்புளித்து வரும் வாசம். வீடியோவில் வராத ஒன்றே ஒன்று அதுதான். மூன்றாம் நாள் லான் இரண்டாவது கிண்ணம் ஒன்றை எடுத்து, முதலில் மேனகாவுக்கென்று நூடுல்ஸை வைத்தாள். சாற்றில் மாட்டெலும்பு மிதந்தது. மேனகா இரண்டு கையையும் கூப்பி மறுத்தாள். போனில் மெதுவாகச் சொன்னாள். "இந்த மாசம் சாமிக்கு. கறி இல்ல, மீன் இல்ல."

லானின் முகம் சுருங்கவில்லை. விரிந்தது. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியிடம் இழுத்துப்போனாள். ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டாள். காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு உள்ளே கருப்பாகக் கிறுக்கினாள். போன் சொன்னது: "நிலவு இல்லாத நாள். அன்று நானும் இறைச்சி உண்பதில்லை. என் அக்காவின் கடையிலும் இல்லை."

"அமாவாச!" என்றாள் மேனகா. "எங்களுக்கும் அமாவாச!"

ஜன்னலுக்கு வெளியே சந்தின் முனையைக் காட்டினாள் லான். நீலப் படுதா, ஓர் அண்டா, நான்கு ஸ்டூல்கள். அக்கா கடை. மூன்று நாளாக மேனகா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கடை. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அங்கே வந்து உட்கார வேண்டும், காளான் சாறு, லான் தன் கையால் கொண்டுவந்து வைப்பாள். மணியைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தை மேனகா ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மகளுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். "ஞாயித்துக்கெழம போட்டோ வரும் பாரு."

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பும் நாளும்கூட. இரண்டு மணிக்கு ஏர்போர்ட் பஸ். அதற்குள் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். மேனகா ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பதினொன்றரைக்குப் பரிமாறினால் பன்னிரண்டரைக்குக் கீழே ஸ்டூலில் இருக்கலாம்.

காலையில் சென்றாயன் குளித்து நாமம் இட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தார். கூடவே நஞ்சப்பன்.

"மாளய அமாவாசம்மா இன்னிக்கு. வருசத்துல ஒருநாள். அப்பன் ஆத்தாளுக்குப் படைக்காம எப்படி வாய் நனைக்கறது? வடை, பாயாசம், வாழக்கா எல்லாம் வெச்சிரு" என்றார் நஞ்சப்பன். "மொட்ட மாடில படையல் போட்டுக்கறோம்."

மேனகா உளுந்தை ஊறப்போட்டாள். அந்த அமாவாசை அவளுடைய மாமனார் மாதப்பனுக்கும்தான்.

மாமனாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் செத்து மூன்று வருஷம். அதிகம் பேசாத மனுஷன். சாப்பிட்டுக் கை கழுவும்போது மட்டும், "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்பார். பத்தொன்பது வருஷம் தினமும் கேட்டார். பதில் என்னவென்று அவருக்குத் தெரியும், ஆனாலும் கேட்பார். அந்த வீட்டில் வேறு யாரும் கேட்டதில்லை. கல்யாணமான முதல் வருஷம் ஒரு அமாவாசைக்கு, பாயாசத்தில் இனிப்புப் போதுமா என்று மேனகா ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டாள். அன்றைக்குக் காக்கை சோறெடுக்க வரவேயில்லை. மூன்று மணி, நான்கு மணி என்று வீடே பட்டினி கிடந்தது. மாமியார் கண்டுபிடித்துவிட்டாள். "சமைச்சவ எச்ச பண்ணிட்டா, அப்பறம் எப்படி வரும்?" மாமனார்தான் படி இறங்கிப் போய், தெருக்கோடியில் எங்கேயோ ஒரு காக்கையைப் பார்த்து இலையை வைத்துவிட்டு வந்து, "எடுத்துருச்சு, எடுத்துருச்சு. பசிக்கும், மொதல்ல அந்தப் புள்ளைக்குப் போடுங்க" என்றார். எடுத்ததோ இல்லையோ, அவருக்குத்தான் தெரியும். அதிலிருந்து ஓர் அமாவாசைக்கும் மேனகா உப்புக்கூடப் பார்த்ததில்லை.

பன்னிரண்டுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஏழு மாடி ஏறி மொட்டை மாடிக்குப் போனார்கள். கைப்பிடிச் சுவரின்மேல் வரிசையாக வாழையிலைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் சோறு, பருப்பு, நெய், எள். ஹனோய் முழுவதும் கீழே தெரிந்தது. ஆண்கள் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்கள்.

"கா... கா... கா..."

எதிர்க் கட்டடத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. காக்கை வரவில்லை.

"சத்தமா கூப்புடு மாப்ள."

"காஆ... காஆ..."

பத்து நிமிஷம் ஆயிற்று. அறிவழகன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், நான் ஏழெட்டு தடவ இந்த ஊருக்கு வந்துருக்கறன். இங்க காக்காவ பார்த்த மாதிரி ஞாபகம் இல்ல சார்."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யோசித்தால், ஐந்து நாளில் யாரும் ஒரு காக்கையைப் பார்த்திருக்கவில்லை. இல்லாததை யார் கவனிப்பார்கள்?

"காக்கா இல்லாத ஊரும் ஒரு ஊரா?" என்றார் நஞ்சப்பன். ஒரு புறா வந்து அவருடைய இலையில் உட்கார்ந்தது. "ச்சூ! போ! ஏம்ப்பா, புறா எடுத்தா கணக்குல சேருமா?"

"எங்கப்பாவுக்குப் புறாவே புடிக்காது" என்றார் ஒருவர்.

ஜானகியம்மாளுக்குத்தான் யோசனை வந்தது. "ஊருக்கு வீடியோ போட்டுப் பாருங்களேன். அவங்கவங்க வூட்டுல படைச்சிருப்பாங்கல்ல. அங்க எடுத்தா எடுத்தது தானே?"

மாடி முழுவதும் போன்கள் முளைத்தன. கம்பைநல்லூரில் நஞ்சப்பனின் மருமகள் கெட்டிக்காரி, பதினொரு மணிக்கே படைத்துவிட்டாள். போன் திரைக்குள் மதில்மேல் ஒரு காக்கை சோற்றைக் கொத்தியது. மாடியில் நின்ற நஞ்சப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எனக்கு எல போடுங்க" என்றார். அடுத்தது பக்கத்தில் நின்றவருக்கு ஆயிற்று. அப்புறம் பாலக்கோட்டுக்காரருக்கு.

சென்றாயனின் போனில் சின்னக்கா வந்தாள். முகம் முழுக்க எரிச்சல். "என்னாடா?"

"ஆத்தா, காக்கா எடுத்துருச்சா?"

"என்னாத்த எடுக்கும்? இன்னும் ஒலயே கொதிக்கல. இங்க மணி பதினொண்ணு. பொண்டாட்டிய கூட்டிட்டு ஊரு சுத்தப் போயிட்ட, இந்தக் கால வெச்சுக்கிட்டு நான் தனியா என்னாத்த செய்யறது? ஒரு மணி நேரம் ஆவும்." போன் அடுப்பையும் கூரையையும் காட்டிவிட்டு அணைந்தது.

ஊரைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடும் ஹனோயில் மணி பன்னிரண்டே முக்கால். மாடிக் கதவருகே லான் வந்து நின்றாள். ஏழு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. மேனகாவைப் பார்த்துக் கையைக் கிண்ணம்போல் குவித்துக் காட்டினாள். ரெடி.

ஜானகியம்மாள் பார்த்துவிட்டாள். "என்னா கண்ணு?" மேனகா சொன்னாள். மகளைத் தவிர முதல்முறையாக ஒருவரிடம் முழுவதும் சொன்னாள், அதுவும் நான்கே வார்த்தையில். ஜானகியம்மாள் கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ போ. இவங்களுக்கு நான் போடறன். போயித் தின்னுட்டு வா."

அப்படித்தான் மேனகா அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். நீல ஸ்டூல். முழங்கால் மோவாய் வரைக்கும் வந்தது. லானின் அக்கா அண்டாவிலிருந்து சாற்றை மொண்டாள். லான் இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தாள். வீடியோவில் போலவேதான். வெள்ளை நாடா, காளான், பொன்னிறத்தில் பொரித்த ஏதோ, மேலே புதினா மாதிரி மூன்று வகைத் தழை, ஒரு கீற்று எலுமிச்சை. ஆவி முகத்தில் அடித்தது. கண்ணாடி மூடிய பஸ்ஸில் அவள் முகர்ந்த வாசத்திலிருந்து கருவாட்டை மட்டும் எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

கரண்டியை எடுத்தாள்.

தடுப்பதற்கு அங்கே யாரும் இல்லை. மாமியார் கடலுக்கு அப்பால். கணவன் ஏழாம் மாடியில். தின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சமைத்தவள் அவள். கடத்தூரில் உலை கொதித்துக்கொண்டிருக்கிறது. மாதப்பன் இன்னும் சாப்பிடவில்லை. அந்த மனுஷன் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது அவள் எப்படி வாயில் வைப்பாள்? வேறு யாருக்காக என்றாலும் வைத்திருப்பாள். மாமியாருக்காக என்றால் நிச்சயமாக வைத்திருப்பாள்.

கரண்டியைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

லான் புரியாமல் பார்த்தாள். சாப்பிடு என்று கை காட்டினாள். மேனகா அவளுடைய போனில் சொன்னாள். போன் சொன்னதைக் கேட்டு அக்காக்காரி சிரித்தேவிட்டாள். லானும் சிரிக்கத் தொடங்கி, மேனகாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். திரும்பவும் கேட்டாள். "காகம் எந்த ஊரில் இருக்கிறது?"

"கடத்தூர்ல" என்றாள் மேனகா.

லான் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இருவரும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவி மெலிந்தது. நாடாக்கள் சாற்றைக் குடித்துக் குடித்துப் பருத்தன. தழைகள் கறுத்துச் சுருண்டன. நடுவில் லான் எழுந்து கொஞ்சம் சூடான சாறு கொண்டுவந்து ஊற்றினாள். அதையும் நூடுல்ஸ் குடித்தது. ஒரு மணி. ஒன்றேகால். கடைக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்து, தின்று, எழுந்து போனார்கள். தூறல் போட ஆரம்பித்தது. சந்து முனையில் ஏர்போர்ட் பஸ் வந்து நிற்பது தெரிந்தது.

ஒன்று நாற்பதுக்குப் போன் அடித்தது.

"எடுத்துருச்சு!" என்றார் சென்றாயன். குரலில் அழுகை மாதிரி ஒன்று இருந்தது. "அப்பா வந்துட்டாரு மேனகா. ஒண்ணு இல்ல, ரெண்டு காக்கா. நீ எங்க இருக்கற? மேல வா சீக்கிரம். பஸ்ஸு வந்துருச்சு, எனக்கு எல போடு."

"ஜானகியக்கா இருக்காங்களே..."

"அப்பாவுக்குப் படைச்ச சோத்த அடுத்தவங்க கையாலயா வாங்கித் திங்கறது? வா, வா."

மேனகா கரண்டியை எடுத்தாள். சாறு என்று ஒன்று இல்லை. நூடுல்ஸ் ஒட்டிக் கெட்டியாகக் கிடந்தது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். சில்லென்றிருந்தது. பட்டை எங்கோ தூரத்தில் இருந்தது, சுட்ட இஞ்சி இல்லவே இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த ருசி. மத்தியானம் இரண்டரை மணிக்குக் கடத்தூரில் தட்டில் இருப்பது. விழுங்கினாள்.

லான் அண்டா பக்கம் ஓடினாள். இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டே நிமிஷம், புதிது. மேனகா தலையை ஆட்டினாள். லானின் ஈரக்கையை ஒருமுறை பிடித்து விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிக்கொண்டு தூறலில் ஓடினாள். ஏழு மாடி. சென்றாயன் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். வடை வைத்தாள், பாயாசம் ஊற்றினாள். "இனிப்பு சரியா இருக்குது" என்றார். அவர் எழுந்தபோது பஸ்ஸில் ஹாரன் அடித்தார்கள். சமையலறையில் கைப்பையை எடுக்கப் போனபோது லான் பாயாச அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் மேனகா வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

பஸ்ஸில் கைப்பைக்குள் துழாவியபோது காகிதத்தில் சுற்றிய பாதி கொய்யா கைக்கு வந்தது. கறுத்து அழுகியிருந்தது. "போட்டோ எங்கம்மா?" என்று மகள் கேட்டிருந்தாள். மேனகா பதில் போடவில்லை. பின் சீட்டில் நஞ்சப்பன் எல்லோருக்கும் கேட்கும்படி, "வெளிநாடு வந்து வாய்க்கு ருசியா அஞ்சு நாள் சாப்ட்டது இதான் மொத தடவ" என்றார். கை தட்டினார்கள். சென்றாயன் எழுந்து நின்று கும்பிட்டார்.

அது போன புரட்டாசி. இப்போதும் மத்தியானம் இரண்டரைக்குத்தான் மேனகா தட்டை எடுக்கிறாள். போனை எடுப்பதில்லை. கல்லான களியைப் பிய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள். எதிர்வீட்டு மதிலில் நாள் முழுக்கக் காக்கைகள் உட்கார்ந்திருக்கின்றன. அமாவாசையன்று சோற்றைக் கொண்டுபோய் வைப்பதற்குள் எடுத்துவிடுகின்றன.

போன வாரம் சென்றாயன் படியேறி வரும்போதே கூவிக்கொண்டு வந்தார். கையில் கம்பெனிக் கடிதம்.

"இந்த வருசம் ஜார்ஜியாவாம் மேனகா. மலையெல்லாம் பனியாம். அறிவழகன் இப்பத்தான் பேசுனாப்ல. இந்தத் தடவ மாஸ்டரே வேணாம், மேனகாம்மா வந்தாப் போதும்னு டீலருங்க எல்லாரும் சேந்து சொல்லிட்டாங்களாம். உனக்குன்னு தனியா அடுப்பு, ரெண்டு ஆளு ஒத்தாசைக்கு. என்னா சொல்ற?"

அவள் மாமியாருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எந்த மாசமுங்க?"

"அதே புரட்டாசிதான். அமாவாசையும் அங்கதான் வருது."

மேனகா கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள்.

"அந்த ஊர்ல காக்கா இருக்குமாங்க?"

சென்றாயன் விழுந்து விழுந்து சிரித்தார். உடனே போனை எடுத்து நஞ்சப்பனுக்குப் போட்டார். "மாமா, மேனகா என்னா கேக்குது தெரியுமா..." என்று சொல்லிக்கொண்டே கடைக்கு இறங்கிப் போனார். அவள் சாம்பார்ப் பொடிக்கு மிளகாயை வெயிலில் போடலாமா என்று வானத்தைப் பார்த்தாள்.